நெடுங்காயலில் கரையேறிய பெயர்கள்

சத்தியம்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை உரக்கச் சொல்கிறேன், தெருமுனை வரைக்கும் கேட்கட்டும்: தின்ற உப்பின் மேல் சத்தியம், முறுக்கிய கயிற்றின் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற நான்கு பல்லின் மேல் சத்தியம். இனி சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அந்த நான்கும் இந்த நிமிஷமே உதிர்ந்து என் மடியில் விழட்டும். கீழ்ப்பல் ஒன்று கொஞ்சம் ஆடுகிறது, உண்மைதான். அது முந்தாநாள் முறுக்கு தின்றதால் வந்த ஆட்டம். அதை இதில் சேர்க்கக் கூடாது.

நெடுங்காயல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகாதீர்கள். கடல் ஊருக்குள் கையை நீட்டிக் காயலாகப் படுத்துக் கிடக்கிற இடம் என்று தெரிந்தால் போதும். அந்தக் காயலில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடித்து, நார் பிரித்து, கயிறு முறுக்கி விற்று வந்தேன் நான். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஊரில் நான்கு காலில் நின்றவற்றில் முக்கால்வாசி என் கயிற்றில்தான் நின்றது என்பதால், எந்த வீட்டு ஆடு யாரை முட்டும், எந்த வீட்டு மாடு யாரைக் கண்டால் அழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயர் சொல்லி அழைத்த பிராணியை அறுக்க மாட்டார்கள். சாட்சிகள் முன்னால் மூன்று தடவை ஒரு பிராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அது கோழியானாலும் சரி, கிடாயானாலும் சரி, ஹயாத்து முடிந்து தானாகச் சாகும் மட்டும் வீட்டு ஆள்தான். இதனாலேயே ஊரில் எந்தப் பிராணிக்கும் பெயர் கிடையாது; எல்லாவற்றுக்கும் "ஏய்", "ஹை", மிஞ்சிப்போனால் "வா புள்ளே". இந்த வழக்கத்துக்கு ஒரு கட்டும் உண்டு: தர்காவில் ஊருக்கே சோறு போடுகிற கந்தூரிக்கென்று நேர்ந்து கழுத்தில் சிவப்புக் கயிறு ஏறிவிட்டால், அந்தக் கயிறு கழுத்தில் இருக்கிற வரைக்கும் யார் என்ன பெயர் சொன்னாலும் செல்லாது. அப்படி ஒரு கட்டு இல்லையென்றால் கந்தூரிக்கு முந்தின நாள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் கிடாய்களுக்கு அழகழகாகப் பெயர் வைத்துவிடுவார்கள், நாங்கள் பருப்பும் சோறும் தின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் கந்தூரிக் கொடியேற்றத்தன்று சிவப்புக் கயிறு ஏறியது எனக்கு அக்கா முறையான ஜெய்னம்பு லாத்தாவின் எருமைக்கு.

ஜெய்னம்புவைக் கட்டிய மாப்பிள்ளை நூகுத்தம்பி கப்பல்காரர். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அந்த எருமை கன்றாக இருந்தபோது, பஸ்ராவுக்குப் புறப்பட்டுப் போனவர், போனவர்தான். கடிதம் இல்லை, ஆள் இல்லை, இறந்தார் என்று மௌத்துச் செய்தியும் இல்லை. எருமை வளர்ந்தது, கறந்தது, ஜெய்னம்புவுக்குச் சோறு போட்டது, சாயங்காலம் ஆனால் தானாகவே காயலுக்குப் போய், நூகுத்தம்பியின் தோணி கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கிக் கிடந்தது. இப்போது பால் வற்றிவிட்டது. நூகுத்தம்பியின் தம்பி சதக்கு, "கறக்காத எருமைக்கு எதுக்கு வைக்கோலு? எங்க அண்ணன், நூகுத்தம்பி காக்கா பேருல கந்தூரிக்கு நேர்ந்துட்டேன்" என்று சொல்லி, கசாப்புக்கார மீராக்கண்டுவைக் கூட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் போட்டுவிட்டான். கயிறு என் கயிறு. அதனால் எனக்கும் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

"தம்பி, கயிறு அதுக்குக் கழுத்துல உறுத்துது. கொஞ்சம் மெத்துன்னு ஒண்ணு முறுக்கித் தர மாட்டியா?" என்றாள் ஜெய்னம்பு. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

"தர்றேன் லாத்தா. ஆனா ஒண்ணு கேக்குறேன். பதினோரு வருஷம் இருந்துச்சே, ஒரு பெயர் வச்சுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? இன்னைக்கு ஒருத்தன் கிட்ட வந்திருப்பானா?"

"பஸ்ராவுலேருந்து இதுக்கு நல்ல பெயரா ஒண்ணு கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ஒண்ணை வச்சுட்டா, அவங்க கொண்டாந்ததை எங்கே வைக்கிறது?"

அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அறுப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் அந்தக் கப்பல் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது.

பஸ்ராவிலிருந்து கொழும்புக்குச் சர்க்கஸ் மிருகங்களை ஏற்றிக்கொண்டு போன பாய்மரக் கப்பல் அது. சிங்கம் ஒன்று, ஆனை ஒன்று, ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, நெருப்புக்கோழி, பஸ்ராச் சதுப்பிலிருந்து பிடித்துவந்த எருமை ஒன்று, வான்கோழி ஒரு கூண்டு. காலையிலிருந்து மதியம் வரை அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு அந்த மாலுமிகள் ஆறேழு பேர் சேர்ந்து, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத எதையோ, மூச்சு முட்டத் தூக்கித் தூக்கிக் கடலில் போடுவதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெறித்தது. ஒவ்வொரு தடவையும் கப்பல் ஒரு விரல்கடை உயர்ந்தது. பிற்பகல் அசருத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் கப்பல் மிதந்துவிட்டது.

கப்பலை ஓட்டிவந்த தலைவர், நாகுதா, நல்ல மனுஷன். சின்னப் படகில் கரைக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார், கூடவே மன்னிப்பும் கேட்டார். எங்கள் பல்லாக்கு லெப்பை ஆலிம் அரபியும் பாரசீகமும் ஓதியவர். அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இவரு கப்பல்ல அரபியும் இருக்கான், பாரசீகக்காரனும் இருக்கான், துருக்கியும் இருக்கான். ஒவ்வொருத்தனும் அவனவன் பாஷையில கூப்பிட்டதால ஒவ்வொரு மிருகமும் மூணு மூணு பெயரைச் சுமந்துக்கிட்டு நின்னுச்சாம். பாரம் தாங்கல. மிருகத்தைக் கடல்ல போட மனசு வரல. அதனால பெயரையெல்லாம் போட்டுட்டாங்களாம். நம்ம கரையில ஒதுங்கினா மன்னிச்சுக்கணுமாம்."

"பெயருக்கு அம்புட்டுக் கனமா?" என்று கேட்டார் மீராக்கண்டு.

"ஆயிரம் வருஷம் ஊர் ஊரா எத்தனை வாயி தூக்கிச் சுமந்தது வேய். கனக்காம?" என்றார் ஆலிம். "ஆனையோடதைத் தூக்க ஆறு பேர் பத்தலையாம்."

கப்பல் போய்விட்டது. மறுநாள் காலை முதல் பெயர்கள் கரையேறின.

பெயருக்கு உருவம் இல்லை, நிழல் இல்லை, காலடித் தடம் இல்லை. ஆனால் அது நிற்கிற இடத்தைக் கடந்து நீங்கள் நடந்தால், உங்கள் வாய்க்குள் ஏறி, உங்கள் நாக்கைக்கொண்டு தன்னை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, இறங்கிக்கொள்ளும். மீன் விற்கப் போன பெண், "வாளை மீனு, வாளை மீனு, ஷுதுர்!" என்று கூவிவிட்டுத் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தபால்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "சார், தபால்" என்பதற்குப் பதிலாக "அஸ்லான்" என்றார், அன்றைக்கென்று எல்லா வீட்டுக் கதவும் சட்டென்று திறந்தது. ஒரு கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து நின்று எல்லாரும் கேட்க, "எங்களுக்குச் சம்மதம், ஃபீல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண் வீட்டார் அதை ஏதோ துஆ என்று நினைத்து ஆமீன் சொன்னார்கள்.

இரண்டு நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. ஜமாஅத் கூடியது. வந்தவை கடல் கடந்து வந்த முசாஃபர்கள், முசாஃபருக்கு மூன்று நாள் விருந்து நம் கடமை என்று முடிவாயிற்று. பெயர் எதைத் தின்னும் என்ற கேள்வி எழுந்தபோது, பெயருக்குச் சாப்பாடு யாராவது தன்னைச் சொல்வதுதான் என்று ஆலிம் விளக்கினார். ஆக ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு நேரத்துக்கு, சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கை கழுவியதும், தங்கள் பங்குக்கு வந்த பெயரை ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். பள்ளிவாசலுக்குள் மட்டும் ஒரு பெயரும் நுழையவில்லை. வெளியே செருப்புகளோடு செருப்பாகக் காத்து நின்றன. மரியாதை தெரிந்தவை.

அரபியையும் பாரசீகத்தையும் ஆலிம் பிரித்துச் சொன்னார். துருக்கிக்கு எங்களிடம் இருந்தது தையல்கார மொகுதூம். முதல் உலகச் சண்டையில் பட்டாளத்தோடு போய்த் துருக்கியரிடம் பிடிபட்டு இரண்டு வருஷம் அவர்களுக்குச் சட்டை தைத்தவர். "ரொட்டி, தண்ணி, ஊசி, ஓடு, நாயி, இத்தனையும் எனக்குத் துருக்கியில தெரியும்" என்று அதுவரை சொல்லித் திரிந்தவருக்கு, அந்த வாரம் வீட்டு வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று, அத்தனை கூட்டம்.

அவர்கள் இரண்டு பேரும் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. சிங்கத்தின் மூன்று பெயர்களும், அசத், ஷேர், அஸ்லான், ஒன்றுக்கொன்று முகஜாடையே இல்லாதவை. மூன்று பேரும் மூன்று வாசலில் பிறந்தவர்கள். சிங்கம் இல்லாத ஊரில் எங்கே தங்குவது என்று அலைந்துவிட்டு மூன்றும் ஆலிம் வீட்டுப் பூனைமேல் போய் உட்கார்ந்தன. அன்றிலிருந்து அந்தப் பூனை மீன் தலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை, நடுத்துண்டுதான் கேட்டது. மீன்கடை நாய்கள் அதற்கு எழுந்து வழிவிட்டன. "இது பெயரா அமராது. பூனைக்குச் சிங்கம்னு பெயர் வந்தா அது பெயரில்ல, பட்டம்" என்று ஜமாஅத் அதைத் தள்ளிவிட்டது. பூனைக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

ஆனையின் பெயருக்கு வேறு கதை. பாரசீகத்தில் அது பீல். அரபியின் வாயில் 'ப' கிடையாது என்பதால் எல்லை தாண்டும்போது ஃபீல் ஆயிற்று. துருக்கி அதை அரபியிடம் அப்படியே வாங்கிக்கொண்டான். எங்கள் வாயிலோ 'ஃப' நிற்காது. ஆக எங்கள் மீன்காரப் பெண்கள் நான்கு நாள் சொன்னதிலேயே ஃபீல் திரும்பவும் பீல் ஆகி, தன் பழைய வீட்டு வாசம் பட்டது போல உப்பளத்தில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. நெருப்புக்கோழியைப் பாரசீகக்காரனும் ஒட்டகப்பறவை என்கிறான், துருக்கியும் ஒட்டகப்பறவை என்கிறான். அந்த இரண்டு பெயர்களும் கைகோத்துக்கொண்டே திரிந்தன. ஒட்டகச்சிவிங்கிக்குப் பாரசீகத்தில் ஒட்டகம், பசு, சிறுத்தை மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஷுதுர்காவ்பலங் என்று ஒரு பெயர். அது பெரிய குளத்துச் சந்தில் நுழைந்து, தலை அந்த முனையிலும் வால் இந்த முனையிலுமாக மாட்டிக்கொண்டது. அந்தச் சந்தில் போகிறவர் முதல் அடிக்கு ஷுதுர், நடுவில் காவ், வெளியே வரும்போது பலங் என்று சொல்லி முடித்துத்தான் வெளியேற முடியும். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் அதற்குத் தக்கபடி நடையை அமைத்துக்கொண்டார்கள்.

பாவம், வான்கோழிதான். துருக்கி அதை ஹிந்தி என்கிறானாம், எங்கள் இந்தியப் பக்கத்துப் பறவை என்று. அரபி அதை ரோமாபுரிச் சேவல் என்கிறானாம். பாரசீகக்காரன் அதை நிறம் மாறும் பிராணி என்பது போல பூகலமூன் என்று சொல்லிக் கைகழுவிவிட்டானாம். நாமோ அது வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லிவிட்டோம். ஊர் ஊராகக் கேட்டும் யாரும் இது எங்களது என்று சொல்லாத பெயர்கள் அவை. ஜெய்னம்பு லாத்தா அதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல இடமிருக்கு" என்று அந்த மூன்றையும் தன் கோழிக்கூட்டுப் பக்கம் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் தவறாமல் மூன்றையும் சொன்னாள்.

ஆனால் எருமையின் பெயர் மட்டும் எங்கும் தட்டுப்படவில்லை. மணல்திட்டில் போட்டவற்றில் அதுவும் இருந்ததே, எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவும் இல்லை. எருமை என்றால் யாருக்கு நினைவு வரும்?

எட்டாம் நாள் நான் காயலில் மார்பளவு தண்ணீரில் நின்று மட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன், நூகுத்தம்பியின் தோணி முளைக்குப் பக்கத்தில். வாய்க்குள் ஏதோ கனமாக, சாவகாசமாக ஏறியது. "காவ்மீஷ்" என்றேன். நின்றேன். "ஜாமூஸ்" என்றேன். அதன் பின்னாலேயே, "ஜாமிஷ்." மூன்றும் என் நாக்கில் அசை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டன. எருமையின் பெயர் எருமை மாதிரிதானே இருக்கும். கரையேறி வெயிலில் அலைவானேன் என்று, மூக்களவு தண்ணீரில் கிடந்திருக்கிறது.

நான் ஈரக் கைலியோடு ஆலிம் வீட்டுக்கு ஓடினேன்.

"ஆலிம்சா, ஜாமூஸ்னா என்னங்க?"

"எருமைப்பா. எங்க கேட்டே?"

"கனவுல."

"பட்டப்பகல்ல, கைலி சொட்டச் சொட்ட வர்ற கனவா?" என்றார்.  மடியில் இருந்த பூனை என்னை மேலும் கீழும் பார்த்தது.

இப்போது என் இக்கட்டைப் பாருங்கள். பெயர் காயலில் இருக்கிறது. எருமை ஜெய்னம்பு வீட்டு முளையில் கட்டிக் கிடக்கிறது. சிவப்புக் கயிறு ஏறிய நாளிலிருந்து காயலுக்கு விடுவதில்லை. நான் போய் லாத்தாவிடம் சொல்லலாம், அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று தடவை சொல்லலாம், கழுத்தில் கயிறு இருக்கிற மட்டும் அது காற்றோடு போச்சு. ஒரு தடவை சொல்லி வீணாக்கிய பெயரை ஊர் மறுபடி ஏற்குமா? நான் யாரிடமும் சொல்லவில்லை. மெத்தென்று ஒரு கயிறு முறுக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அந்த வேலையைப் பார்த்தேன்.

பதினொன்றாம் நாள் புதுக்கயிறு கொண்டுபோனேன். நல்ல தடிமன், நல்ல சிவப்பு. மீராக்கண்டு புதியதைக் கட்டி முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் பழையதை அவிழ்த்தார். தொழிலில் ஏமாளி இல்லை அவர்.

பன்னிரண்டாம் நாள் காலை. தப்ஸ் கொட்டு முன்னால், சதக்கு புதுச்சட்டையில், மீராக்கண்டு கையில் கயிறு, பின்னால் எருமை, அதன் பின்னால் ஊர். ஜெய்னம்பு வாசலில் நின்றாள். எருமை அவளைக் கடக்கும்போது அதன் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

காயலோரத்தில் திரும்பும் இடத்தில் எருமை நின்றது. காதை உயர்த்தியது. பதினொரு நாளாகத் தண்ணீர் பார்க்காத பிராணி என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்த வரையில் அதை யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி, தலையைக் குனிந்து, ஒரே ஓட்டம். மீராக்கண்டு குதிகாலை மணலில் ஊன்றிப் பிடித்தார். கயிறு விர்ரென்று விறைத்து, கழுத்து வளையத்திலேயே பட்டென்று அறுந்து நழுவியது. எருமை தோணி முளைக்குப் பக்கத்தில் போய் மூக்களவு முங்கியது. இழுபட்ட வேகத்தில் மீராக்கண்டு அதன் பின்னாலேயே தலைகுப்புற விழுந்தார்.

தொப்பி முதலில் மேலே வந்தது. பிறகு அவர் வந்தார். எருமைக்கு எதிரே, அதன் மூக்கும் அவர் மூக்கும் ஒரு சாண் தூரத்தில். திட்டத்தான் வாயைத் திறந்தார்.

"காவ்மீஷ்!" என்றார்.

எருமை தலையைத் தூக்கியது.

"ஜாமூஸ்!" வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வழிந்தது மூன்றாவது: "ஜாமிஷ்!"

தப்ஸ் நின்றது. ஊரே சாட்சி. கழுத்தில் கயிறு இல்லை. பெயர் சொன்னது கசாப்புக்காரர் வாய்.

"செல்லாது!" என்று கத்தினான் சதக்கு. "மூணு தடவை ஒரு பெயரைச் சொல்லணும். மூணு பெயரை ஒவ்வொரு தடவை சொன்னா எப்புடி?"

எல்லாரும் ஆலிமைப் பார்த்தார்கள். ஜெய்னம்பு பார்க்கவில்லை. அவள் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கை மட்டும் முந்தானையைத் திருகு திருகென்று திருகியது.

ஆலிம் தாடியைத் தடவினார். "சதக்கு, சிங்கத்தோட பெயர்னா நீ சொல்றது சரி. அசத் வேற, ஷேர் வேற, அஸ்லான் வேற. இது அப்புடி இல்ல. பசு மாதிரியும் இருக்கு, செம்மறி மாதிரியும் இருக்குன்னு பாரசீகக்காரன் ரெண்டையும் சேர்த்துக் காவ்மீஷ்னான். அது அரபு தேசத்துக்கு நடந்து போச்சு. அங்க நாக்குக்கு ஏத்தபடி ஜாமூஸ் ஆச்சு. அங்கேருந்து துருக்கிக்கு நடந்துச்சு, ஜாமிஷ் ஆச்சு. ஒரே ஆளு. மூணு ஊர்ல மூணு சட்டை போட்டிருக்கு, அவ்வளவுதான். நீ கொழும்புக்குப் போயிக் கால்சட்டை போட்டா உன்னை வேற ஆளுன்னு உங்க உம்மா சோறு போடாம விட்டுருவாளா?"

"சட்டை விசயத்துல ஆலிம்சா சொல்றது சரி" என்றார் தையல்கார மொகுதூம்.

சதக்கு வாயைத் திறந்தான். தண்ணீருக்குள் நின்றபடியே மீராக்கண்டு கையை உயர்த்தினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "போதும்ப்பா. என் வாயால பெயர் வச்ச புள்ளய என் கையால நான் தொட மாட்டேன்" என்றார்.

ஜெய்னம்பு சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். எருமையின் காதருகே குனிந்து, அந்தப் பெயரை அதன் மூன்று சட்டையிலும் சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, கடையிலிருந்து சாமான் வந்து சேர்ந்தது போல, "கொண்டாந்துட்டாங்க" என்றாள்.

நூகுத்தம்பியின் தோணி முளையைத் தடவிவிட்டு, எருமையின் முதுகில் தண்ணீரை வாரி விட்டாள்.

அந்த வருஷக் கந்தூரியில் கிடாய்க்கறி கொஞ்சம், கத்தரிக்காய் நிறைய. எருமை இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. பெயர் வைத்தவர் என்ற முறையில் மீராக்கண்டு பெருநாளுக்குப் பெருநாள் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு போய் நலம் விசாரித்துவிட்டு வருவார். மற்றப் பெயர்களில் சில, வேறு கப்பல்கள் வந்தபோது ஏறிப் போய்விட்டன. சிங்கத்தின் பெயர்கள் அந்தப் பூனையின் பேரப்பிள்ளைகள்மேல் இருக்கின்றன. குளத்துச் சந்தில் மாட்டியது இன்றைக்கும் அங்கேயேதான். போனால் நடந்து பாருங்கள்.

ஜெய்னம்பு லாத்தாவுக்கு இப்போது தொண்ணூறு ஆகிறது. காது கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது. அன்றைக்குக் கயிறு எப்படி அறுந்தது என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறாள்: "அவங்க கடலுக்குள்ளேருந்து இழுத்தாங்க. அவங்க கைக்கு எந்தக் கயிறு நிக்கும்?"

நிற்காதுதான். அதிலும் நான்கு புரி முறுக்க வேண்டிய கயிற்றில் இரண்டு புரி மட்டும் முறுக்கி, நடுவில் ஊறாத நாரைத் திணித்து, மேலே மூன்று தடவை சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தால் நிற்கவே நிற்காது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அதை முறுக்கியவனிடம் ஊரில் ஒருவரும் கயிறு வாங்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

இதைக் கேட்டதோடு விட்டுவிடுங்கள். மீறி யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும் என்றால், யார் சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் அந்த லாத்தா காதில் விழும்படி. வற்புறுத்திக் கேட்டால், அந்தக் காலத்தில் நெடுங்காயலில் கயிறு விற்றவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரைச் சொல்லிவிடுங்கள். உதிர்வதற்கு அவர்களிடம் பல் இல்லை.